விதை உதிரும் வரை

திண்டிவனம்
2 செப்டம்பர் 2025

அமிர்தசாமி அண்ணாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. என் மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் இலையில் கை வைக்காமல் எழுந்து போன மனுஷனை என்னவென்று நலம் விசாரிப்பது? என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். இவர் போனிலிருந்து அடித்தால் உன் போன் மணியாவது அடிக்கிறது, என் போனிலிருந்து அதுவும் இல்லை. அதனால்தான் காகிதம். நம் ஊர்ப் பாலை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் இங்கே வருகிற சக்கரபாணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். "இன்னாம்மா, அண்ணன் தங்கச்சி சண்டைக்கு நான் போஸ்ட்மேனா?" என்று சிரித்தார். மதியம் ஊர் திரும்பும்போது உன் கையில் கொடுத்துவிடுவார்.

நடந்ததில் என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. "உங்களுக்கு மாடு பெருசா, எங்க பொண்ணு பெருசா மச்சான்?" என்று பந்தியில் வைத்துக் கேட்டது தப்புதான். அன்றைக்கே திட்டிவிட்டேன். ஆனால் நீயும் யோசித்துப் பார். எலிசா நீ வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அவள் உயிருக்காக வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட மாட்டை, அவள் முன்னாலேயே, "மீட்டு உட்டுடு செல்வி, என்னால முடியல" என்று கேட்கிறாய். பந்தி முழுக்கக் கை நின்றுபோனது. என் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு மாடு மேய்ந்தால் உன் நிலம் தீர்ந்துபோகுமா அண்ணா? எத்தனையோ மாடு மேய்கிற ஊர்தானே? எலிசா உன் பங்குப் பாயசத்தை டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். புளித்த பிறகுதான் கொட்டவிட்டாள். இதையும் உனக்குச் சொல்லத் தோன்றியது.

உன் தங்கை
சகாயசெல்வி


மண்டகப்பட்டு
5 செப்டம்பர் 2025

செல்விக்கு,

கடிதம் வந்தது. உறை ஒட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்தால் சக்கரபாணி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறான். படிக்கட்டும், ஊரில் அவன் ஒருவனுக்காவது என் பக்கத்து நியாயம் தெரியட்டும்.

உன்னை பிளாக் செய்தது கோபத்தினால் இல்லை. போனில் நீ மூக்கை உறிஞ்சினால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு என்னையே திட்டிக்கொண்டு திரிவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எலிசாவுக்காக நீ கன்றை நேர்ந்தபோது அப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "அண்ணா, உன் மாடு அடுத்துப் போடுற கன்ன அந்தோணியாருக்குன்னு சொல்லிட்டேன், சரியா?" என்றாய். சரி என்றேன். அந்த நேரத்தில் எல்லா மாட்டையும் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு மாடு மேய்ந்தால் நிலம் தீர்ந்துபோகுமா என்று கேட்கிறாய். டவுனுக்கு வாழப்போனவள் கேட்கிற கேள்வி. சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷப் புயலில் குத்தகை நிலத்து மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே கடலையோடு அழுகியது. வைக்கோல் போர் அடியோடு மக்கிப் போனது. கோடையில் மாடுகளுக்குப் போட ஒன்றுமில்லை. செவலைப் பசு படுத்தது எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டர் ஆர்த்தி மேடம் வந்து பார்த்துவிட்டு, "நோயெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா, பட்டினி" என்றார். என் மாடு பட்டினியால் செத்தது என்று ஒரு வெளி மனுஷி வந்து சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த அவமானம் உனக்குப் புரியாது.

அந்த மேடம்தான் வழியும் சொன்னார். பாறைக்குப் பின்னால் இருக்கிற நம் கரட்டு நிலத்தில் எதுவும் விளையாது என்று அப்பா காலத்திலிருந்தே விட்டுவைத்திருக்கிறோம் இல்லையா, அதில் கொழுக்கட்டைப் புல் தானாக முளைக்கிறது. அந்தப் புல்லை அழிக்காமல் நடுவே முயல் மசால் என்கிற தீவனச் செடியை விதைத்துவிடச் சொன்னார். மல்லாட்டைக்குச் சொந்தக்காரச் செடி அது. மல்லாட்டை மாதிரியே வேரில் முடிச்சு விட்டு மண்ணுக்குச் சத்தைக் கொடுக்கும், பக்கத்துப் புல்லும் தேறும். கோடையில் புல் காய்ந்து போனாலும் அது பச்சையாக நிற்கும். ஒரு தடவை ஊன்றிவிட்டால் வருஷக் கணக்கில் தீவனக் கவலை இல்லை. விதையைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, ஆடி மழையில் விதைத்தேன். நிலத்தை மூன்று தடுப்பாகப் பிரித்து வேலிக்காத்தான் முள் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு தடுப்பில் மேய்த்து மற்ற இரண்டை ஆறப் போட வேண்டும், மாற்றி மாற்றி.

ஆனால் முதல் வருஷம் ஒரு வாய்கூட வைக்கக் கூடாது. பூத்து, காய்த்து, விதை மண்ணில் உதிர வேண்டும். கிறிஸ்துமஸ் தாண்டிவிட்டால் பிழைத்தது. அதற்கு முன்னால் மாடு புகுந்து நுனியைக் கடித்துவிட்டால் விதை இல்லை. விதை இல்லையென்றால் அடுத்த கோடையில் நானும் என் மாடுகளும் மறுபடி அந்தப் பாறையைத்தான் நக்க வேண்டும். இன்னொரு பட்டினிச் சாவை நான் பார்க்க மாட்டேன். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சென்னையில் ஏதாவது அபார்ட்மென்ட் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது உன் காளைக்கு வருகிறேன். அதை யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. பிறந்ததிலிருந்து அடியே வாங்காத மாடு. நான் கம்பை ஓங்கினால் அருகே வந்து கம்பை மோந்து பார்க்கிறது. கழுத்தில் மணி வேறு. அது எங்கே போனாலும் மணிச் சத்தத்துக்கு ஊர் மாடெல்லாம் பின்னால் போகும். அது ஒன்று நுழைந்தால் மந்தையே நுழைந்த கணக்கு.

நேர்ந்தவளே கெபிக்கு வந்து, குகைக்குள் நிற்கிற அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, ஈடாக வேறொன்றை வைத்து, மீட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் அது சாதாரண மாடாகும். நான் சொன்னால் செல்லாது. அதனால்தான் உன்னைக் கேட்டேன். இடம் தப்பு, பந்தியில் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது தப்பில்லை.

அமிர்தசாமி


திண்டிவனம்
9 செப்டம்பர் 2025

அண்ணா,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். செவலை செத்தது எனக்குத் தெரியும், பட்டினியால் என்று நீ சொல்லவே இல்லையே. கோடையில் நான் போன் செய்தபோதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்குது" என்றுதானே சொன்னாய்?

ஆனால் மீட்கச் சொல்லாதே. அது மட்டும் என்னால் ஆகாது.

அவளை ஐசியூவில் போட்டிருந்த நாட்களில் நீ விழுப்புரத்துக்கும் ஊருக்கும் அலைந்தாய், மாடு கறக்க வேண்டும் என்று. நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் கிடந்தேன். மூளைக் காய்ச்சல், ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, என்னிடம் கொடுக்க என்ன இருந்தது? கழுத்துச் சங்கிலி அடகில். மூத்த பையனைப் பிறந்த வாரமே பறிகொடுத்தவள் நான். உன் மாடுதான் ஞாபகம் வந்தது. உன்னைக் கேட்காமல் உன் பொருளைக் கொடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் காலையில் அவள் கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள். ஊசி மருந்தில் திறந்தாள் என்று நீ சொல்வாய். இருக்கலாம். எனக்கு அதில் விளையாடிப் பார்க்கத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கன்றை விடுகிற அன்று தாய்மாமன் கையால் ஒரு பிடி பச்சை ஊட்டி அனுப்ப வேண்டும் என்பது நம் வழக்கம். எல்லோரும் ஒரு பிடி அருகம்புல் ஊட்டுவார்கள். நீ என்ன செய்தாய்? டாக்டர் மேடம் அப்போதே போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த விதையில் கிணற்று மேட்டில் கொஞ்சமாக வளர்த்து வைத்திருந்த முயல் மசாலை அறுத்து வந்து, "என் மருமவளுக்காகப் போற கன்னு, நல்லதா தின்னுட்டுப் போவட்டும்" என்று ஊட்டினாய். அந்த ருசியைக் காட்டியது நீதானே? அது தேடி வராமல் என்ன செய்யும்?

எழுதிவிட்டேன், ஆனால் உன் முகம்தான் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு ஊட்டும்போது அழுதாய்.

செல்வி


மண்டகப்பட்டு
12 அக்டோபர் 2025

செல்விக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு வேலைதான் காரணம். கொஞ்சம் உன் கடைசிக் கடிதமும் காரணம்.

மழை நன்றாகப் பெய்தது. பெய்ததே ஒரு பேஜாராகிவிட்டது. புல் இடுப்புக்கு வளர்ந்து கீழே இருக்கிற முயல் மசால் நாற்றுக்கு வெளிச்சமே இல்லை. மாட்டை விட்டு மேலாகக் கடிக்க விடலாம் என்றார் மேடம், ஆனால் என் மாடுகளுக்கு மேல் கீழ் தெரியாது. அதனால் நானே அரிவாளை எடுத்துக்கொண்டு நாற்று வெட்டுப்படாமல் புல்லை மட்டும் அறுத்து மாடுகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் தடுப்பை முடித்து மூன்றாவதுக்கு வருவதற்குள் முதலாவதில் மறுபடி புல் ஏறிவிடுகிறது. முதுகு எனக்குச் சொந்தமாக இல்லை. ஆனால் செல்வி, இப்போது மொட்டு வைத்திருக்கிறது. இரண்டாவது தடுப்பில் சின்னச் சின்னதாக மஞ்சள் பூவும் வந்துவிட்டது. நீ பார்த்தால் இதற்கா இவ்வளவு என்பாய். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் காளை மூன்று தடவை வந்தது. முள்ளைக் கொம்பால் தூக்கிப் போட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி நிதானமாக வந்தது. பின்னாலேயே ஊர் மாடு. கத்திக் கத்தி மற்றதைத் துரத்தினேன், அது மட்டும் போகவில்லை. பக்கத்து நிலத்துத் தையல்நாயகி வரப்பில் நின்றுகொண்டு, "சாமி மாடு வாய வச்ச நிலம் வெளங்கும்டா, ஏன் கத்திக்கினு கீற?" என்றாள். அவள் வேறு மதம், அவளும் அதற்குத் தினமும் வாழைப்பழம் கொடுக்கிறாள். மூன்றாவது தடுப்பில் பாதி போய்விட்டது.

கழுத்து மணியைக் கழற்றிப் பார்த்தேன். மணி இல்லாவிட்டால் மந்தை பின்னால் வராது என்று கணக்கு. மறுநாளே யாரோ அதைவிடப் பெரிய மணி வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் பேசிப் பேசி நடத்திக்கொண்டே மேல்சித்தாமூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்து நின்றது. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் மஞ்சள். போகிற வழியெல்லாம் மரியாதை செய்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முள்வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு தடுப்பு இருந்தாப் போதும்ண்ணா, அதுல உதிர்ற வெதையே அடுத்த வருஷம் பரவிக்கும். ஆனா இனிமே எதையும் உள்ள உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உடாதீங்க என்பது சுலபமான வார்த்தை.

நீ என்னைக் குத்திக் காட்டியது சரிதான். நான்தான் ஊட்டினேன். இப்போது கேட்கிறேன், வந்து மீட்டுவிடு. மாடு எங்கும் போகாது, நம் கொட்டகையிலேயே ராஜா மாதிரி இருக்கட்டும். எனக்கு வேண்டியது அதைக் கட்டுகிற உரிமை மட்டும்.

அமிர்தசாமி


திண்டிவனம்
20 அக்டோபர் 2025

அண்ணா,

சாமந்தி மாலையைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "இன்னா எழுதிக்கிறாரு?" என்றார். காட்டினேன். படித்துவிட்டு வெளியே போய்விட்டார். வந்து, "நீ இன்னா பண்ணாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நேர்ச்சைய மாத்திக்கலாம்மா. கடவுள் இன்னா கந்துவட்டிக்காரரா, ஜப்தி பண்ண வர்றதுக்கு?" என்றார். மனசு லேசானது. மறுநாளே எலிசாவையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வரக் கிளம்பினேன். ஈடாக வைக்க வெள்ளியில் சின்ன மாட்டு உருவம்கூட வாங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் கால் வைத்தபோது எலிசா தும்மினாள்.

ஒரே ஒரு தும்மல் அண்ணா. தூசி. எனக்குத் தெரியும் தூசி என்று. கால் மேலே ஏறவில்லை. கண்டக்டர், "ஏறும்மா ஜல்தி" என்று கத்தினார். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னைத் திட்டு. நான் வேறொன்றும் செய்யத் தெரியாமல் இருக்கிறேன்.

செல்வி


மண்டகப்பட்டு
6 நவம்பர் 2025

செல்விக்கு,

திட்ட மாட்டேன். உன் தும்மல் கடிதத்தைப் படித்த பிறகு உன்னைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

காளையைக் கட்டிவிட்டேன். நேற்று முன்தினம். முதல் தடுப்பின் முள்ளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போய்க் கொம்பில் கயிற்றைப் போட்டேன். அது ஒரு துளி எதிர்க்கவில்லை. கயிறு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது, கூடவே நடந்து வந்தது. கொட்டகையில் கட்டி, நல்ல புல்லும் புண்ணாக்குத் தண்ணீரும் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். விதை உதிர்ந்ததும் நானே அவிழ்த்துவிட்டு, கெபியில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தண்டனை என்றால் எனக்குத்தான், கட்டியவன் நான். இதை அந்தோணியாரிடமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஊர் என்னோடு பேசுவதில்லை. காலையில் கெபிக்குப் போகிறவர்கள் என் கொட்டகை வழியாக வந்து, மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போகிறார்கள். டீக்கடையில் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. தையல்நாயகி மட்டும், "புள்ளை பேர்ல உட்ட மாடுடா" என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இரண்டு தடுப்பும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. முதலில் பூத்ததெல்லாம் காய் பிடித்துக்கொண்டிருக்கிறது. எலிசாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

அமிர்தசாமி


திண்டிவனம்
17 நவம்பர் 2025

அண்ணா,

கட்டியதைப் படித்தேன். பதில் எழுதக் கை வராமல் வைத்திருந்தேன். இப்போதும் இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். மறைத்தால் பிறகு நீ என்னை மன்னிக்க மாட்டாய்.

எலிசாவுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நேற்று தலை வலிக்கிறது என்றாள். அன்றைக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. இங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறோம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலாம், மழைக்காலம் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது.

நான் எதையும் எதோடும் சேர்த்துச் சொல்லவில்லை அண்ணா. என் மாமியார் சேர்த்துத்தான் பேசுகிறார். அவர் வாயை என்னால் மூட முடியவில்லை. நான் உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. ஜெபம் மட்டும் பண்ணு.

செல்வி


திண்டிவனம்
18 நவம்பர் 2025, மாலை

அண்ணா,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று மதியம் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து, "இட்லி வேணும்" என்றாள். ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாடு கட்டித்தானே கிடக்கிறது? கட்டிக் கிடக்கும்போதேதானே காய்ச்சல் விட்டது? இட்லி மடியில் விழுந்தது. இத்தனை மாதமாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் அண்ணா? உன்னை அந்தப் பாடு படுத்தினேனே.

எலிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில்மேல் பெரிய மனுஷி மாதிரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா கட்டினா கட்டிக்கட்டும்மா. அது எங்கயாச்சும் லாரியில அடிபட்டா இன்னா பண்றது?" என்றாள். இவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மீட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். வெள்ளி உருவம் பீரோவில் அப்படியே இருக்கிறது. ஊர் முன்னாலேயே கெபியில் நின்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னை யார் என்ன பேச முடியும்? அதுவரை அவிழ்க்காதே. யார் வந்து என்ன சொன்னாலும் அவிழ்க்காதே. உன் பூவெல்லாம் விதையாகட்டும். இவர் வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்பார். அவரே சொன்னார், நான் கேட்கவில்லை.

இவர் போனிலிருந்து இப்போதுதான் இரண்டு தடவை அடித்தேன். நீ எடுக்கவில்லை. பரவாயில்லை. சக்கரபாணி அண்ணன் காலையில் வருவார், நாளை மதியம் இது உன் கையில் இருக்கும்.

செல்வி


மண்டகப்பட்டு
19 நவம்பர் 2025, விடியற்காலை

செல்விக்கு,

பால் வண்டி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. சக்கரபாணி நீட்டும்போதே என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். காளை என் தோளை நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறாய், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று. நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மழைக்காலம், கொசு, தண்ணீர். எல்லாம் சரி. ஆனால் கயிறு என் கண் முன்னால் இருக்கிறது. கட்டியவன் நான், கிடப்பது அவள்.

பொழுது சாய்ந்த நேரத்தில் மாப்பிள்ளை நம்பரிலிருந்து போன் வந்தது. கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. எடுத்து, அவர் அழுகிற சத்தம் கேட்டால் நான் என்ன செய்வேன்? மறுபடி அடித்தது. போனைத் தவிட்டு மூட்டைக்குள் செருகிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. உனக்குப் போன் பண்ணவும் கை வரவில்லை. "இன்னும் கட்டித்தான் வச்சிருக்கியா அண்ணா?" என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயம்.

இன்று வெளுக்கும்போது அவிழ்த்துவிட்டேன். கட்டிப் போட்டபோது கழற்றி வைத்திருந்த மணியை மறுபடி கழுத்தில் கட்டினேன். அவிழ்த்த உடனே நேராக அங்கேதான் போனது. இரண்டு தடுப்பின் முள்ளையும் நானே இழுத்துப் போட்டு வழி விட்டேன். அது முட்டித் தள்ளப் போய், முள் கிழித்து ரத்தம் வந்தால், அதற்கும் சேர்த்து எலிசாதானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்? மணிச் சத்தம் கேட்டு ஊர் மாடெல்லாம் வர ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு நம் மாடுகளையும் அவிழ்த்து உள்ளே விட்டேன். நான் விதைத்ததை என் மாடும் ஒரு வேளையாவது தின்னட்டும் என்றுதான். நன்றாகத் தின்கின்றன, செல்வி. பூவோடு, காயோடு. இப்படி அவை தின்று நான் பார்த்ததே இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது தடுப்பிலும் மஞ்சள் நிறம் போய்விட்டது.

இனி விதை இல்லை, அடுத்த கோடைக்குத் தீவனமும் இல்லை. மாட்டுத் தரகர் கோகுலகிருஷ்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து நம் மாடு ஆறையும் ஏற்றிக்கொள்கிறார். வயிறு நிறைந்துதான் போகும், அது ஒரு ஆறுதல். காளை இங்கேதான் இருக்கும், அதை யார் கேட்கப்போகிறார்கள்? மதியம் பஸ் பிடித்து நேராக அங்கே வந்துவிடலாமா என்று நினைத்தேன். மருமகளை அந்த நிலையில் பார்க்கத் தைரியம் வரவில்லை. சென்னை பஸ்ஸைத்தான் பிடிப்பேன்.

தரகர் கிளம்புகிறவரை இங்கேதான் இருப்பேன், சென்னை போய் விலாசம் அனுப்புகிறேன். எலிசாவிடம் சொல், மாமா அவிழ்த்துவிட்டேன் என்று. அவளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது, இந்நேரம் விட்டிருக்கும். எந்த நேரத்தில் விட்டது என்று மட்டும் எனக்கு எழுது.

அமிர்தசாமி